தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பயனுள்ளதா?

திருகோணமலை உவர்மலையில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்ல எண்ணியுள்ளனர், சென்ற ஆண்டு தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போன பிள்ளைகள், "எல்லா மிருகமும் படுத்துக் கிடந்தன, நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம்" என்று சலித்துக்கொண்டு திரும்பினர், ஆகவே இந்த முறை அந்த இடத்தைக் கைவிடுவதா, அல்லது வேறு விதமாகப் பார்ப்பதற்கு வழி உண்டா? கைவிட வேண்டாம். ஆனால் சென்ற ஆண்டு போன விதமாகப் போக வேண்டாம். விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையிலும், எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளோடு அந்த இடத்துக்குப் போய் வந்தவன் என்ற முறையிலும் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், மிருகங்கள் ஏன் படுத்துக் கிடந்தன என்பதைப் பார்ப்போம். எங்கள் பாடசாலைச் சுற்றுலாக்களின் நிகழ்ச்சிநிரல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். இரவு பஸ்ஸில் புறப்பட்டு, விடியற்காலையில் கொழும்பை அடைந்து, யாராவது ஒருவருடைய வீட்டிலோ மண்டபத்திலோ முகம் கழுவி, காலை உணவு முடித்து, நூதனசாலை, சுதந்திரச் சதுக்கம், விமான நிலையம் என்று இரண்டு மூன்று இடங்களைச் சுற்றிவிட்டு, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்ட கையோடு நண்பகலில் மிருகக்காட்சிசாலைக்குள் நுழைவோம். மாலையில் காலிமுகத்திடல். கொழும்பின் நடுப்பகல் வெயிலும் புழுக்கமும் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வேளையில் நிழலில் படுத்திருப்பதுதான் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இயல்பு. சிங்கம் காட்டிலேயே நாளொன்றுக்கு இருபது மணித்தியாலம் வரை ஓய்வெடுக்கும் மிருகம்; இறைச்சி உண்பது ஒரே வேளையில் நிறையச் சத்தைத் தருகிறது, வேட்டையாடுவதோ பெரும் உழைப்பை விழுங்குகிறது, எனவே வேட்டையில்லாத நேரமெல்லாம் உடலைச் சேமித்து வைக்கிறது. சிறுத்தை முதலான பூனை இனங்கள் அந்தியிலும் விடியலிலும் உலாவுவன. அவை நண்பகலில் எழுந்து நின்று நமக்குக் காட்சி தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நள்ளிரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உபசாரம் சரியில்லை என்று குறைப்படுவதற்கு ஒப்பானது.

ஆகவே நான் சொல்லும் முதல் மாற்றம் நேரம்தான். மிருகக்காட்சிசாலையை நாளின் முதல் இடமாக வையுங்கள். காலை வாயில் திறக்கும்போதே உள்ளே நுழையுங்கள். கூடுகளைக் கழுவுவதும் உணவு கொடுப்பதும் பெரும்பாலும் காலை வேளை வேலைகள் என்பதால், மிருகங்கள் எழுந்து நடமாடுவதையும், தம் பராமரிப்பாளரின் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டு கதவருகே வந்து நிற்பதையும் அப்போது காணலாம். வெயில் ஏறிய பின்னர் பாம்பு, உடும்பு, முதலை முதலிய ஊர்வனவற்றின் பக்கம் போகலாம். அவற்றின் உடல் வெளிச்சூட்டை நம்பி இயங்குவதால் அந்த நேரம் அவற்றுக்குக் கெடுதல் இல்லை. மீன் தொட்டிகள் உள்ள பகுதியும் நண்பகலுக்கு ஏற்றது, நிழலும் உண்டு. வரிசையை இப்படி மாற்றியமைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

காலையிலேயே உள்ளே போவதற்கு முதல் நாள் இரவு பிள்ளைகள் ஓரளவாவது தூங்கியிருக்க வேண்டும். திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்த பிள்ளைக்குக் காலை பத்து மணிக்கு யானையும் ஒன்றுதான், தலையணையும் ஒன்றுதான். வசதி இருந்தால் முதல் நாள் பகலிலேயே பயணம் செய்து வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஓர் இரவு தங்குவதே சிறந்தது. அங்கிருந்து தெஹிவளை மிக அருகில். இரண்டு நாள் செலவைப் பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்றால், பார்க்கும் இடங்களைக் குறையுங்கள். நூதனசாலையும் மிருகக்காட்சிசாலையும் என இரண்டு இடங்கள் போதும். ஐந்து இடங்களின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவதைக் கல்விச் சுற்றுலா என்று அழைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இரண்டாவது மாற்றம், பார்க்கும் மிருகங்களின் எண்ணிக்கை. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு எல்லாக் கூடுகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் நம்மில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஒரு கூட்டின் முன் பெரும்பாலானோர் நிற்பது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். பெயர்ப்பலகையை யாரோ ஒருவர் உரக்க வாசிப்பார், இன்னொருவர் கைத்தொலைபேசியை நீட்டுவார், பின்னால் நிற்பவர்கள் தள்ளுவார்கள், அடுத்த கூட்டுக்குப் போய்விடுவோம். ஒரு நிமிடத்தில் எந்த மிருகமும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, ஆறு மிருகங்களை மட்டும் முன்கூட்டியே தெரிவுசெய்து, ஒவ்வொன்றின் முன்னும் பதினைந்து நிமிடமாவது நிறுத்துங்கள். முதல் ஐந்து நிமிடம் சலசலப்பார்கள். அதன் பின்னர் கேள்விகள் வரத் தொடங்கும்.

ஒட்டகச்சிவிங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். "கழுத்து நீளம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது அசைபோடும்போது பொறுமையாக நின்றால், பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த ஒன்றைக் கண்ணால் காணலாம். மென்றுகொண்டிருந்த வாய் திடீரென்று ஓய்கிறது, விழுங்கியாகிவிட்டது. சில விநாடிகள் ஒன்றுமில்லை. பின்னர் கழுத்தின் அடியில், மார்புக்குச் சற்று மேலே, தோலுக்கடியில் ஓர் உருண்டை எழும்பி, அந்த நீண்ட கழுத்து வழியே மேல்நோக்கி விரைந்து ஏறி, தாடைக்குப் பின்னால் மறைகிறது. உடனே வாய் மீண்டும் பக்கவாட்டில் அரைக்கத் தொடங்குகிறது. மாட்டிலும் ஆட்டிலும் நடப்பதும் இதுவேதான், ஆனால் கழுத்து குட்டையாக இருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. இரைப்பையில் இருந்து உணவு மீண்டும் வாய்க்கு வருவதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்போது, அசைபோடும் விலங்குகள் பற்றிய பாடத்தை அப்பிள்ளைக்கு மறுபடி நடத்த வேண்டியதில்லை. அந்தக் கழுத்துக்குள் இருப்பது மனிதனுக்கு இருப்பது போல ஏழே ஏழு முள்ளெலும்புகள் என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். எல்லாரும் தம் பிடரியைத் தடவிப் பார்ப்பார்கள்.

நீர்யானையின் முன் ஒரு கைக்கடிகாரம் போதும். அது மூழ்கிய கணத்தில் இருந்து மூக்குத் துவாரங்கள் மீண்டும் நீருக்கு மேலே திறக்கும் வரை நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். வளர்ந்த நீர்யானை வழக்கமாக மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூச்செடுக்க மேலே வரும். வெறும் சேற்றுக் குளம் என்று நினைத்து நகரவிருந்த பிள்ளைகள், யார் சரியாக ஊகித்தார்கள் என்று பார்க்க அங்கேயே நிற்பார்கள். சிறுத்தையின் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தென்னமெரிக்க ஜகுவாரையும் அன்றைக்கே பார்க்க வாய்த்தால், ஜகுவாரின் வளையங்களுக்கு நடுவே சிறு கரும்புள்ளிகள் இருப்பதையும் நம் சிறுத்தைக்கு அவை இல்லாததையும் பிள்ளைகளே கண்டு சொல்லட்டும். சிங்கமோ புலியோ இல்லாத இத்தீவின் காடுகளில் அதுவே தலைமை வேட்டை விலங்கு என்பதும், இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத துணையினம் என்பதும் அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

இங்கே திருகோணமலைப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கொழும்புப் பிள்ளைகள் கூட்டுக்குள்தான் முதன்முதலாக மானைக் காண்கிறார்கள். எங்கள் பிள்ளைகளோ கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரட்றிக் கோட்டை வாசலிலேயே புள்ளிமான்களுக்கு நடுவில் நடந்து வளர்ந்தவர்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட வீதியில் மாலை வேளையில் யானை நிற்பதைப் பஸ் யன்னலால் பார்த்தவர்கள். புறாத்தீவில் கரைக்கு அருகே சுறாக்குட்டிகள் நீந்துவதையும், மே மாதத்துக்குப் பின் ஆழ்கடலில் நீலத்திமிங்கிலம் மூச்சு விடுவதையும் கண்ட மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்குக் கூட்டுக்குள் இருக்கும் மிருகம் ஏமாற்றமாகத் தோன்றுவது இயல்பே. உள்ளதை ஒப்பிட்டுப் பார்க்கும் தகுதி அவர்களுக்கு இருக்கிறது. அதை அடக்காமல் பயன்படுத்துங்கள். புறப்படுவதற்கு முதல் வாரம் கோட்டைப் பகுதிக்குக் கூட்டிச் சென்று மான்கள் எந்த நேரம் மேய்கின்றன, எந்த நேரம் நிழலில் படுக்கின்றன, ஆட்கள் நெருங்கினால் எந்தத் தூரத்தில் எழுந்து விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். தெஹிவளையில் அதே கேள்விகளை வேறு மிருகத்திடம் கேட்கலாம்.

ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் ஒரு பழக்கமும் ஒட்டியிருக்கிறது. மானைக் கண்டால் கையில் இருப்பதை நீட்டுவது. வாழைப்பழம், பிஸ்கட், கச்சான், கோயிலில் கிடைத்த பிரசாதம் எல்லாம் கொடுக்கிறோம். பொட்டலம் சுற்றிய பொலித்தீனையும் அங்கேயே போடுகிறோம். உப்பு மணத்துக்கு மான் அதையும் விழுங்குகிறது. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் பொலித்தீன் தங்கினால் அது கழிந்து வெளியேறாது. வயிறு நிறைந்த உணர்வோடு மிருகம் மெலிந்து சாகும். மிருகக்காட்சிசாலையில் இதே கையை நீட்டினால், கணக்குப் பார்த்து உணவு கொடுக்கப்படும் மிருகத்தின் வயிற்றைக் கெடுப்பதோடு, குரங்குகளுக்குக் கம்பியோரம் வந்து கையேந்தும் பழக்கத்தையும் ஏற்படுத்துகிறோம். ஆசிரியர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். தின்பண்டப் பொட்டலங்களை வாயிலிலேயே வாங்கி ஒரு பையில் வைத்து, சாப்பிடும் இடத்தில் மட்டும் திறவுங்கள்.

அடுத்து வருவது சொல்வதற்குச் சிறிது கடினமானது, ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது. யானை நின்ற இடத்திலேயே இடமும் வலமும் அசைந்துகொண்டு, தலையை ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டால் பிள்ளைகள் "யானை டான்ஸ் ஆடுது" என்று கைதட்டுவார்கள். பெரியவர்களும் சிரிப்பார்கள். அது ஆட்டம் அன்று. நாள் முழுவதும் நடந்து, தேடித் தின்று, கூட்டத்தோடு உறவாட வேண்டிய மிருகத்துக்கு அவை எதுவும் கிடைக்காதபோது உடல் பிடித்துக்கொள்ளும் பயனற்ற மீள்செயல் அது. கரடியும் பெரிய பூனைகளும் கூட்டின் ஓர் ஓரத்தில் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக நடப்பதும் அதே வகையைச் சேர்ந்தது. தரையைப் பாருங்கள்: புல் தேய்ந்து ஓர் ஒற்றையடித் தடம் தெரியும், மிருகம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே பக்கமாகவே திரும்பும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் மனம் நொந்துவிடும் என்று மறைக்க வேண்டாம். இதைத் தணிக்க என்ன செய்யலாம் என்று கேளுங்கள். உணவை ஒரே தட்டில் வைக்காமல் மரப்பொந்துகளில் ஒளித்து வைப்பது, ஏறுவதற்குக் கட்டைகளும் கயிறுகளும் கட்டுவது, தனியாக இருக்கும் மிருகத்துக்குத் துணை சேர்ப்பது என்று உலகின் நல்ல மிருகக்காட்சிசாலைகள் செய்வதையெல்லாம் பிள்ளைகள் தாமாகவே சொல்லிவிடுவார்கள்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் வரலாறு தெரிந்தால் அங்குள்ள இடநெருக்கடியின் காரணமும் விளங்கும். கொழும்பில் விலங்கு வணிகம் செய்துவந்த ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மனியர் 1920களின் பிற்பகுதியில் தெஹிவளையில் வைத்திருந்த விலங்குச் சேகரிப்பே இதன் தொடக்கம். அவருடைய நிறுவனம் கலைக்கப்பட்டபோது 1936இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. இவருடைய குடும்பத்தைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக்தான் 1907இல் ஹம்பேர்க் நகரில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளால் மிருகங்களைப் பிரித்துவைக்கும் முறையை உலகுக்குக் காட்டியவர். அக்காலத்தில் போதுமாக இருந்த தெஹிவளை நிலத்தைச் சுற்றி இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிவிட்டன, விரிவதற்கு இடமில்லை. பின்னவலையில் 2015இல் திறக்கப்பட்ட மிருகக்காட்சிசாலையும், அம்பாந்தோட்டை ரிதியகமையில் 2016இல் திறக்கப்பட்ட சபாரிப் பூங்காவும் இந்த நெருக்கடிக்குத் தேடிய விடைகளே. சென்னையிலும் இதுவே நடந்தது. 1855இல் நகருக்குள் தொடங்கிய மிருகக்காட்சிசாலை இடம் போதாமல் போக, 1985இல் வண்டலூருக்கு மாறி, இன்று 602 ஹெக்டேயரில் பரந்திருக்கிறது.

வண்டலூருக்குப் போன நம்மவர்கள் சிலர், "நல்ல காடு, ஆனால் மிருகத்தைத்தான் காணவில்லை" என்று சொல்வதுண்டு. அதுவே இந்த விடயத்தின் முடிச்சு. மிருகத்துக்கு ஒளிந்துகொள்ள மரமும் புதரும் தூரமும் கொடுத்தால் பார்வையாளருக்கு அது எளிதில் தென்படாது; பார்வையாளருக்கு நன்றாகத் தெரியும்படி வைத்தால் மிருகத்துக்கு ஒதுங்க இடமிருக்காது. நான் மிருகத்தின் பக்கம்தான் நிற்பேன். புதருக்குள் இருந்து ஒரு காது மட்டும் அசைவதைக் காத்திருந்து கண்டுபிடிக்கும் பிள்ளை, கம்பிக்குப் பின்னால் முழு மிருகத்தையும் கண்ட பிள்ளையை விடக் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறது. சிங்கப்பூரில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை கண்டார்கள்: இரவில் உலாவும் மிருகங்களை இரவில்தான் பார்க்க வேண்டும் என்று 1994இல் இரவுச் சபாரியைத் திறந்து, நிலவொளி போன்ற மங்கிய விளக்கில் காட்டத் தொடங்கினார்கள்.

பார்வையாளர்களாகிய நாமும் அந்த மிருகத்தின் சூழலில் ஓர் அங்கம். கூட்டமும் கூச்சலும் கூடும்போது குரங்கினங்களில் பதற்றமும் சண்டையும் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020இல் கொவிட் காரணமாக ஹொங்கொங்கின் பூங்கா ஒன்று மூடப்பட்டிருந்த வேளையில், பல ஆண்டுகளாகச் சேராதிருந்த பண்டா இணை சேர்ந்தது உலகெங்கும் செய்தியானது; மனித நடமாட்டம் இல்லாததுதான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்பதற்கும் காரணத்தோடு சொல்லுங்கள்: மீனின் பக்கக்கோடு நீரின் மிகச் சிறிய அதிர்வையும் உணரும் உறுப்பு, பாம்பு தாடையெலும்பால் அதிர்வை அறிகிறது, அவற்றுக்கு நம் விரல் தட்டுவது இடிபோல. தெஹிவளையில் தோர் என்ற சிங்கத்துக்கு 2021 ஜூனில் கொவிட் தொற்றியதைச் சொன்னால், இருமல், தடிமன் உள்ள பிள்ளை ஏன் சிம்பன்சியின் அருகே போகக்கூடாது என்பதும் விளங்கிவிடும். நமக்குச் சாதாரணமான சுவாச நோய் மனிதக் குரங்குகளைக் கொன்றுவிடக்கூடியது.

பின்னவலை யானைகள் சரணாலயத்தையும் சேர்க்கலாமா என்று உங்களிடம் யாராவது கேட்பார்கள். 1975இல் தாயிழந்த குட்டிகளுக்காகத் தொடங்கப்பட்ட அவ்விடத்தில் யானைகள் நாளில் இரண்டு தடவை மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகும். குருநாகல் வழியாகத் திரும்பும் பஸ் சற்று விலகினால் போதும். ஒரே நாளில் தெஹிவளையும் பின்னவலையும் என்றால் இரண்டும் கெடும். இரண்டு நாள் திட்டமாக இருந்தால் மட்டும், இரண்டாம் நாள் குளிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் யானையின் மேல் ஏறவோ கையால் தீனி ஊட்டவோ காசு கட்ட வேண்டாம்.

மற்றவை சிறு விடயங்கள். பாடசாலைக் குழுக்களுக்கான கட்டணத்தையும் அன்றைய திறப்பு நேரத்தையும் தேசிய மிருகக்காட்சிசாலைகள் திணைக்களத்திடம் அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் கூட்டம் நெரியும், வார நாளே நல்லது. பாதைகள் ஏற்ற இறக்கமானவை. புதுச் சப்பாத்து போட்டுவரும் பிள்ளைகளுக்குக் கால் உரசிக் கொப்புளம் வரும், பழகிய காலணியே போதும். எங்கள் ஊரில் வெயில் கொளுத்தும் மே, ஜூன் மாதங்களில் கொழும்பில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் என்பதால் பிள்ளைக்கு ஒரு குடை வேண்டும். தண்ணீர்ப் போத்தலும் மூன்று பிள்ளைக்கு ஒன்று என்றில்லாமல் ஆளுக்கு ஒன்று வேண்டும். கைத்தொலைபேசிகளை முதல் ஒரு மணித்தியாலம் பையிலேயே வைத்திருக்கச் செய்து, பதிலுக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். திரும்பும்போது ஹபரணையை இருட்டுமுன் கடக்கும்படி கணக்கிடுங்கள். முடியாவிட்டால், வீதியில் யானை நின்றால் சாரதி ஹோன் அடிக்காமல், வெளிச்சத்தைப் பாய்ச்சாமல், அது தானாக விலகும் வரை பஸ்ஸைத் தூரத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்று புறப்படும் முன்பே அவரோடு பேசிக்கொள்ளுங்கள்.